நாலு பாடமும் சுமக்க வேண்டுமா?

பத்தாம் வகுப்பு தேறினால் போதும், வீட்டில் ஒரே பேச்சு: "முதல் குரூப்பில் சேர். டாக்டர் இல்லாவிட்டால் என்ஜினீயர்!"

முதல் குரூப் என்றால் கணக்கு, பௌதிகம், ரசாயனம், உயிரியல். நாலும் கனமான பாடம். தமிழும் ஆங்கிலமும் வேறு.

டாக்டர் படிப்புக்கான நீட் தேர்வில் கணக்கு இல்லை. தமிழ்நாட்டு என்ஜினீயரிங் சேர்க்கையில் கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50. உயிரியலைக் கேட்பதே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாடம் வீண்!

சேலத்துப் பிள்ளை டியூஷன் வைத்துச் சமாளிக்கலாம். ஏற்காட்டுப் பிள்ளை டியூஷனுக்குச் சேலம் போவதென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும். சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து பள்ளிக்கூடம் வந்து போவதே பெரும்பாடு. டிசம்பரில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். தாய் தோட்டத்துக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்ப்பது யார்? மூத்த பெண்தான். அரைப் பரீட்சையும் அதே டிசம்பரில்!

"இரண்டு வழியும் திறந்திருக்கட்டுமே" என்பார்கள். நியாயம்தான். ஆனால் எல்லாப் பாடத்திலும் அரைகுறை மார்க் வந்தால் இரண்டு வழியும் அடைபட்டுப் போகுமே?

உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயன்ஸ் உள்ள குரூப் இருக்கிறது. கணக்கு இல்லாமல் தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப்பும் இருக்கிறது. பாரம் போடுவதற்கு முன், சாயங்காலம் வீடு வந்த பிள்ளைக்குப் படிக்க எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும்.