சாரல் காற்றும் டீசல் புகையும்

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகும் மேற்குக் காற்று, குற்றாலத்தில் சாரலாகவும், அதற்குக் கிழக்கே சுரண்டை, பாவூர்சத்திரம் முதலிய ஊர்களின் வெளிகளில் காற்றாலைகளைச் சுழற்றும் சக்தியாகவும், இரு வேறு விதமாக நம் தென்காசி ஜில்லாவுக்கு அனுக்கிரகம் செய்கிறது. அதே மாதங்களில்தான், அருவியில் நீராட வரும் ஜனங்களின் பொருட்டு, ராஜபாளையத்திலிருந்து சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி செல்லும் சாலையில் பஸ்களும் வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகை கக்கிக்கொண்டு ஓடுகின்றன. காற்று மிகுந்த காலமும் வண்டிகள் மிகுந்த காலமும் ஒன்றாகவே அமைந்திருந்தும், அந்தக் காற்றின் பலம் இந்தச் சக்கரங்களை வந்தடைய இன்னும் வழி செய்யப்படவில்லை என்பது சிவகிரியில் வசிக்கும் எனக்கு நெடுநாளாக மனத்தை உறுத்தி வரும் விஷயம்.

மின்சார பஸ் வந்துவிட்டால் போதும், கரியமில வாயுவின் உபத்திரவம் தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. நம் அரசு பஸ்கள் லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுவதால், கிலோமீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் என்று கொள்ளலாம். மின்சார பஸ்ஸோ கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டோ அதற்குச் சிறிது கூடவோ செலவழிக்கிறது. நம் தேசத்து மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கே இன்றும் பெரிதாகையால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 700 கிராம் கரியமில வாயு சேர்ந்தே வருகிறது. ஆகவே, பஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு மின்சாரம் பிறக்கும் இடத்தை மாற்றாமல் விட்டோமானால், கடையநல்லூர் பஜாரில் நிற்பவன் மூக்குக்குப் புகை எட்டாது என்பது மெய்யான நன்மைதான் என்றாலும், அந்தப் புகை தூத்துக்குடி அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிக்கு இடம் மாறிற்றே ஒழியக் குறைந்ததாகாது. காற்றையும் பஸ்ஸையும் ஒரே ஏற்பாட்டில் பிணைத்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இப்படிப் பிணைப்பது ஒரு சர்க்காரால் மட்டுமோ ஒரு கம்பெனியால் மட்டுமோ ஆகிற காரியமன்று. ஆனால் அவ்விருவரும் கூடிச் செய்த முன்மாதிரி நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. 1986-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்து முள்ளக்காட்டில் பரீட்சார்த்தமாகச் சில சிறிய காற்றாலைகள் நிறுவப்பட்டபோது, அவை ஒவ்வொன்றின் திறனும் 55 கிலோவாட்தான். காற்று போதுமான அளவு வீசுகிறது என்பதை அரசு தன் செலவில் முதலில் நிரூபித்துக் காட்டிற்று. அதன் பிறகே தனியார் முதல் துணிந்து வந்தது. காற்றாலை வைத்த நூற்பாலைக்காரர், தென்கோடியில் பிறந்த மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பிகள் வழியே வேறொரு ஜில்லாவிலுள்ள தம் ஆலைக்குக் கொண்டுபோகவும், பருவத்தில் மிஞ்சியதை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளவும் அனுமதி பெற்றார். வருமான வரியிலும் சலுகை கிடைத்தது. இத்தனையும் ஒன்றுசேர்ந்ததன் பலனாகத்தான் ஆரல்வாய்மொழிக் கணவாயும் நம் செங்கோட்டைக் கணவாயும் இந்நிலைக்கு வந்து, தமிழ்நாட்டின் காற்று மின்திறன் இன்று 11,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. பருவ காலத்தில் மின்தொகுப்பு ஏற்க இயலாமல் சில வேளைகளில் காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொல்வதும் உண்டென்பதை எண்ணும்போது, வீணாகும் அந்த மின்சாரத்துக்கு ஒரு பஸ் பணிமனை கைநீட்டக் கூடாதா என்று ஏங்காமலிருக்க முடியவில்லை.

பஸ்ஸின் பக்கமும் முன்னுதாரணம் உண்டு. இரண்டாவது மகாயுத்தத்தில் பெட்ரோல் அரிதானபோது, திருக்குறுங்குடியில் பிறந்த பஸ் அதிபர் டி.வி.சுந்தரம் ஐயங்கார், தம் பஸ்கள் நின்றுபோகாமலிருக்கக் கரியிலிருந்து வாயு எடுத்து எஞ்சினை ஓட்டும் கருவியைத் தாமே தயாரித்தார். பின்னர் 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகமும் 1974-இல் நெல்லையில் கட்டபொம்மன் கழகமும் தோன்றி, பஸ் போக்குவரத்தின் பெரும் பகுதி பொதுச் சொத்தாயிற்று. இன்று சென்னையில் மூன்றாவதாக ஒரு முறை பிறந்திருக்கிறது. 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து உலக வங்கியின் உதவியோடு 120 மின்சார பஸ்கள் புறப்பட்டனவே, அவற்றை வாங்குவதும் பராமரிப்பதும் டிரைவரை நியமிப்பதும் அசோக் லேலண்டைச் சார்ந்த கம்பெனியின் பொறுப்பு. தடமும் கட்டணமும் கண்டக்டரும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவை. ஓடிய கிலோமீட்டருக்கு இன்ன தொகையென்று கழகம் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன். கம்பெனிக்குக் கிடைக்கும் பணம் டிக்கெட்டைப் பொறுத்ததாக இல்லாமையால், இலவசமாக ஏறும் பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் கண்டு பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்டிச் செல்ல அதற்கு ஒரு முகாந்தரமும் இல்லை. எனினும் ஒரு நிபந்தனையை வலியுறுத்துவேன்: கம்பெனி டிரைவரின் ஊதியமும் ஓய்வும் கழகத்து டிரைவரின் நிலைக்குக் கீழே தாழ்ந்துவிடலாகாது. சிக்கனம் தொழிலாளியின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுமாயின் அது சிக்கனமே அன்று.

லாரிகளின் விஷயம் இதைவிடக் கடினமானது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டின் காய்கறியும் புளியங்குடி எலுமிச்சையும், அவற்றினும் பெரும் பாரமாக எம்-சாண்டும் ஜல்லியும், புளியரை மலைப்பாதை ஏறிக் கேரளத்துக்குச் செல்கின்றன. பாரவண்டிக்குரிய பேட்டரியின் விலையும் எடையும் இன்று லாரிச் சொந்தக்காரரைத் திகைக்க வைப்பவை. கரியற்ற சரக்கு வாகனங்களை ஆராய்வதற்கென்றே சென்னை ஐ.ஐ.டி.யில் மத்திய அரசின் ஆதரவோடு 2024-இல் ஒரு மையம் தொடங்கப்பட்டிருக்கிறது. அதன் முயற்சி கனியும்வரை பொறுத்திருக்கலாம்.

பஸ்ஸுக்குப் பொறுத்திருக்க அவசியமில்லை. ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடக்கூடிய பஸ்களுக்குத் தென்காசி–ராஜபாளையம் தடம் எட்டாத தூரமன்று. தென்காசிப் பணிமனையில் மின்னேற்றும் வசதி செய்து, இரவில் ஓய்ந்து நிற்கும் வண்டிகளுக்கு நம் காற்றாலைகளின் மின்சாரத்தை, நூற்பாலைகளுக்கு அளித்த அதே முறையில், அரசு போக்குவரத்துக் கழகத்தின் பெயரில் வாங்கித் தரவேண்டும். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. சிவகிரி முதல் செங்கோட்டை வரையுள்ள வாசகர்கள் இந்த ஒரு தடத்தையேனும் கேட்டு மனு எழுதிக் கொடுக்குமாறு வேண்டுகிறேன்.