ஊசியை எண்ணாதீர்கள்

பிள்ளைக்கு முதல் வகை சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதா டாக்டர்?" முடியாது. இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியாகப் போனால் வயிற்றில் செரித்துவிடும். தாத்தா மாத்திரையிலேயே காலம் தள்ளினாரே என்று வாதாடாதீர்கள். அவர் உடம்பில் இன்சுலின் சுரந்தது. இந்தப் பிள்ளைக்கு அது வற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்த கேள்வி, "எதில் ஊசி குறைச்சல்?" இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கலவை இன்சுலின் என்றால் காலையும் இரவும் இரண்டே ஊசி, சரி. ஆனால் போட்ட மருந்து தன் நேரத்துக்கு வேலை செய்யும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் பிள்ளை அந்த நேரத்தில் சாப்பிட்டே ஆகவேண்டும். பள்ளியில் சாப்பாட்டு மணி தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். நாள் முழுதும் தாங்கும் இன்சுலின் ஒன்று, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னால் விரைவு இன்சுலின் என்றால் நான்கு ஊசி. ஆனால் தட்டில் இருப்பதைப் பார்த்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால் அந்த ஊசியும் காத்திருக்கும். பம்ப் நல்லதுதான், விலைதான் மலைக்க வைக்கும். அதிலும் சர்க்கரை பார்க்கும் வேலை போகாது. எது பொருந்தும் என்று டாக்டரிடம் பேசுங்கள். நம் மனசு தாங்குமா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மருந்துக்கடையில் கவனம். இங்கே குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடுவது 100. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிசகும்.

சிகிச்சை தொடங்கிக் கொஞ்ச நாளில் பலருக்கு இன்சுலின் தேவை குறையும். கணையத்தில் மிஞ்சிய செல்கள் சற்றே தெம்பு பெறும் காலம் அது; நிலைக்காது. சரியாக அப்போதுதான் ஒரு சித்தப்பா சிறுகுறிஞ்சான் பொடியோடு வந்து சேர்வார். பொடிக்குப் பெயர் கிடைக்கும், ஊசி நிற்கும். பிறகு வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு, ஐ.சி.யூ. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் போடும்வரை, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச காலம் பிழைக்க வைத்தார்கள். அந்தக் காலத்துக்கா திரும்பப் போகிறோம்?

பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால் நாளைக்கு வரன் அமையாது என்று பள்ளியிலும் மறைக்கிறீர்களே, வகுப்பில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள்? நாளைக்கே வகுப்பு டீச்சரிடம் சொல்லுங்கள். புத்தகப்பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும்.