கயிறு யார் கையில்?



முத்துக் குளித்த கடற்கரை நம்முடையது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். சங்கு குளிப்பவர்கள் இன்றும் உண்டு. அந்நாளில் குளிப்பவன் கல்லோடு கடலடிக்குப் போவான். தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்பான். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுப்பான். அந்த வேலைக்கு மைத்துனனையே நிறுத்துவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் அல்லவா தொங்குகிறது!

இன்று நம் பிள்ளைகள் வேறொரு கடலில் குதித்திருக்கிறார்கள். செல்போன் என்னும் கடல். அதில் முத்தும் உண்டு, சுறாவும் உண்டு. கயிறு யார் கையில்?

குதிக்கச் சொன்னது யார்? நாம்தான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் கதவு திறந்தது. பாடம் செல்போனில் என்றார்கள். கடன்பட்டு வாங்கிக் கொடுத்தோம். பாடம் பள்ளிக்குத் திரும்பிற்று. போன் பிள்ளையிடமே நின்றுவிட்டது.

துறைமுகத்தில் இரவு ஷிப்டு முடித்தும், உப்பளத்து வெயிலில் வெந்தும் வீடு வருகிறோம். சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று போனைக் கொடுக்கிறோம். மார்க் குறைந்தால் அதே போனைப் பிடுங்கி அடிக்கிறோம். கொடுத்ததும் அறியாமை, அடித்ததும் அறியாமை.

அடிக்குப் பயந்த பிள்ளை என்ன செய்யும்? படத்தை வைத்து எவனாவது மிரட்டினாலும், சூதாடிப் பணம் தோற்றாலும் வாய் திறக்காது. அந்த மௌனம்தான் மோசக்காரனின் மூலதனம்!

சட்டம் இல்லையா? உண்டு. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2022-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. ஆனால் சட்டம் வாசல்வரைதான் வரும். வீட்டுக்குள் இருப்பவர்கள் நாம்.

பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். "என்ன ஆடுகிறாய்? யாரோடு பேசுகிறாய்? எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். கேட்பது வேறு; வேவு பார்ப்பது வேறு. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் போன் வேண்டாம். இந்த விதி அப்பாவுக்கும் சேர்த்துத்தான். "தப்பே செய்திருந்தாலும் முதலில் என்னிடம் சொல், அடிக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098, பணம் பறிபோனால் 1930. இவ்விரண்டு எண்களும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

படிப்பகத்தில் பத்திரிகையை உரக்கப் படித்து, எழுத்தறியாத தொழிலாளிக்கு உலகத்தைக் காட்டியது நம் இயக்கம். அதே படிப்பகத்தில் வாரம் ஒரு மாலை பெற்றோருக்குச் செல்போனைக் கற்றுக்கொடுப்போம். பிள்ளையிடமே கற்றுக்கொண்டாலும் கேவலமில்லை.

கடலைத் தூர்க்க முடியாது. பிள்ளையைக் கரையில் கட்டிப்போடவும் முடியாது. கயிற்றைப் பிடிப்போம். அது அசையும்போது நாம் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது!