உங்கள் செல்போன் யாரை நம்புகிறது?



என் அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர்ந்த கதையை அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். மார்க் ஷீட் ஜெராக்ஸில் பச்சை மையில் கையெழுத்து வாங்க, ஒரு கெஜட்டட் ஆபீசரைத் தேடி இரண்டு நாள் அலைந்தானாம். கவுண்டரில் இருந்தவருக்கு அவனைத் தெரியாது, அவன் ஊரும் தெரியாது. பச்சைக் கையெழுத்தையும் ரப்பர் ஸ்டாம்பையும் பார்த்தார். "சரி, அடுத்த ஆள்" என்றார். அவ்வளவுதான்! ஆளைத் தெரியாவிட்டால் என்ன, ஆளுக்குக் கையெழுத்துப் போட்டவரைத் தெரியுமே!

நம் கையில் இருக்கும் செல்போனும் ஒரு நாளைக்கு நூறு முறை இதே வேலையைத்தான் செய்கிறது. பேங்க், ஸ்காலர்ஷிப், ரிசல்ட் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அந்தத் தளம் முதலில் ஒரு சான்றிதழை நீட்டும். போன் மூன்று விஷயங்களைப் பார்க்கும். பெயர் சரிதானா? தேதி முடிந்துவிட்டதா? கையெழுத்துப் போட்டவர் நமக்குத் தெரிந்தவரா? மூன்றும் சரியென்றால்தான் கதவு திறக்கும்.

'தெரிந்தவர்' யார் என்பதற்கு ஒரு பட்டியல் போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போய் 'டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்' என்று தேடிப் பாருங்கள். 'சிஸ்டம்', 'யூசர்' என்று இரண்டு பிரிவு இருக்கும். சிஸ்டம் பிரிவைத் தள்ளத் தள்ள முடியாது, அவ்வளவு நீளம். என் போனில் ஹாங்காங் தபால் துறை இருக்கிறது. ஸ்பெயின் நாட்டின் நாணயச் சாலை இருக்கிறது. பெங்களூரு நிறுவனமான இமுத்ராவின் 'எம்சைன்' இருக்கிறது. இவர்களையெல்லாம் நம்பலாமா என்று என்னை யாராவது கேட்டார்களா? இல்லை. கூகுள், ஆப்பிள் போன்ற கம்பெனிகள் சில விதிகளை வைத்து நமக்காகத் தேர்ந்தெடுத்த பட்டியல் இது.

"யார் தேர்ந்தெடுத்தால் என்ன, வேலை நடக்கிறதே" என்கிறீர்களா? இதில் ஒரே ஒருவர் தவறினாலும் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்று நிறுவனத்துக்குள் திருடன் புகுந்து 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினான். கூகுள் பெயரில் இருந்த ஒன்றைக் காட்டி, ஈரான் நாட்டில் சுமார் 3 லட்சம் இணைப்புகளை ஒட்டுக்கேட்டதாக விசாரணையில் தெரிந்தது. பிரவுசர்கள் எல்லாம் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து தூக்கின. அந்தச் செப்டம்பரிலேயே கம்பெனி திவால்!

இன்னொன்று நம் நாட்டுக் கதை. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, சான்று தரும் அமைப்புகளை மேற்பார்க்க சி.சி.ஏ. என்ற அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. அதன் கீழ் சான்று வழங்கியவர்களில் ஒன்று என்.ஐ.சி. எனப்படும் தேசியத் தகவலியல் மையம். நம்ம கலெக்டர் ஆபீஸிலும் அதன் மாவட்ட மையம் உண்டு. 2014 ஜூலை 2-ம் தேதி, என்.ஐ.சி.யின் முத்திரையோடு கூகுளின் முகவரிகளுக்குப் போலிச் சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் கண்டுபிடித்தது. மறுநாளே சி.சி.ஏ., என்.ஐ.சி.க்குக் கொடுத்திருந்த சான்றுகளை ரத்து செய்தது. வழங்கும் முறையில் ஊடுருவல் நடந்தது, நான்கு சான்றிதழ்கள்தான் தவறாகப் போயின என்றது விசாரணை. அந்த நான்கில் சேராத போலியும் எங்கள் கண்ணில் பட்டிருக்கிறதே என்றது கூகுள்! சி.சி.ஏ.வின் வேர்ச் சான்று விண்டோஸ் பட்டியலில் இருந்ததால் ஆபத்து கம்ப்யூட்டர்களுக்குத்தான். ஆண்ட்ராய்டு, ஐபோன் பட்டியலில் அது இல்லாததால் செல்போன்கள் தப்பின.

அதற்குப் பின் குரோம் பிரவுசர் ஒரு காரியம் செய்தது. சி.சி.ஏ. வழியில் வரும் சான்றுகளை இந்திய அரசு, கல்வி நிறுவனங்கள் உள்ளிட்ட சில இந்திய முகவரிகளுக்கு மட்டும் ஏற்பேன் என்று வேலி போட்டது. இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் அம்மன் காசுதான் ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் செல்லுபடியான செம்புக்காசு. முத்திரைக்கு மதிப்பு, அதை அடித்தவர் மேல் எத்தனை பேருக்கு நம்பிக்கை இருக்கிறதோ அந்த எல்லை வரைதான்.

இப்போது காசை மறுபடி அடிக்கிறார்கள். சி.சி.ஏ.வின் வேர்ச் சான்றை ஏற்கும் இந்திய பிரவுசர் ஒன்றை உருவாக்க மத்திய அரசு 2023-ல் போட்டி அறிவித்தது. 2025 மார்ச்சில் நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனம் 1 கோடி ரூபாய் முதல் பரிசு வாங்கியது. எனக்கும் பெருமைதான். ஆனால் நம் நாட்டு முத்திரை என்பதற்காகவே நம்ப வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். யாருக்கு என்ன சான்று கொடுத்தோம் என்பதை ஒன்றுவிடாமல் உலகம் பார்க்கும் பதிவேட்டில் போடட்டும். தவறு நடந்தால் முழுக் கணக்கையும் சொல்லட்டும். அப்போது நம்பிக்கை கேட்காமலே வரும்.

சரி, டெல்லியை விட்டு நம் ஹாஸ்டலுக்கு வருவோம்.

போன வருடம் என் அறை நண்பன் ஒருவன், "மாப்ள, ஃப்ரீ நெட் வருதுடா!" என்று குதித்துக்கொண்டு வந்தான். யாரோ அனுப்பிய ஒரு ஆப்பையும் அதோடு ஒரு ஃபைலையும் போனில் ஏற்றியிருந்தான். அன்றிலிருந்து 'நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்' என்று மேலே ஒரு அறிவிப்பு. எரிச்சலாக இருக்கிறது, எடுத்துவிடு என்று மூன்று வாரம் கழித்துத்தான் என்னிடம் நீட்டினான். யூசர் பிரிவைத் திறந்தேன். பெயர் தெரியாத ஒரு சான்று உட்கார்ந்திருந்தது! அவன் நெட் முழுவதும் அந்த ஆப் வழியாகத்தான் போகிறது. போலி ஆபீசரும் இவன் கையாலேயே பட்டியலில் ஏறியாகிவிட்டது. இனி பிரவுசரில் எதைத் தட்டினாலும், நடுவில் இருப்பவன் நினைத்தால் பிரித்துப் படித்து மறுபடி ஒட்டி அனுப்பலாம். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பெரும்பாலான ஆப்கள் யூசர் சான்றை ஏற்பதில்லை, பிரவுசர் ஏற்கும். "பிரவுசரில் என்னடா செஞ்ச?" என்றேன். முகம் வெளுத்துவிட்டது. தங்கையின் ஸ்காலர்ஷிப்புக்கு அம்மாவின் பேங்க் கணக்கு எண்ணைப் போட்டிருக்கிறான்! சான்றையும் ஆப்பையும் நீக்கினோம், பாஸ்வேர்டுகளை மாற்றினோம். பணம் எதுவும் போகவில்லை. ஆனால் அந்த மூன்று வாரம் யார் என்ன படித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு அரசாங்கமே இதைச் செய்து பார்த்ததும் உண்டு. 2019 ஜூலையில் கஜகஸ்தான் நாட்டில், அரசின் சான்றைப் போனில் ஏற்றச் சொல்லி மக்களுக்குச் செய்தி போனது. ஆகஸ்டில் கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றுமே அந்தச் சான்றைத் தடை செய்தன.

எனவே நண்பர்களே, என் கருத்து இதுதான். யூசர் பிரிவு காலியாக இருக்கட்டும். ஏதாவது இருந்தால் யார் ஏற்றியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் நீக்குங்கள். எச்சரிக்கைப் பக்கம் வந்தால் முதலில் போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி செத்துத் தேதி பின்னால் போயிருந்தால் நல்ல தளம்கூடக் கெட்டதாகத் தெரியும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், அங்கே பாஸ்வேர்டு போடாதீர்கள்.

பூட்டுப் படத்தைப் பார்த்தும் மயங்காதீர்கள். முகவரி யாருடையது என்றுதான் சான்றிதழ் சொல்லும். அவன் யோக்கியனா என்று சொல்லாது. திருடனும் தன் பெயரில் சான்றிதழ் வாங்கலாம், அதுவும் இலவசமாக! ஜனங்கள் பூட்டைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023-ல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

நம் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தத் துறையாக இருந்தாலும் முதல் வருடத்தில் ஒரே ஒரு மணி நேரம், அவரவர் போனை வைத்தே இந்தப் பாடத்தை நடத்துங்கள். ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் தெருவில் ஒருவர் போன் மக்கர் செய்தால், "தம்பி டிப்ளமா படிக்குதே" என்று நம்மிடம்தானே நீட்டுகிறார்கள்? அவர்கள் பட்டியலில் நம் பெயர் ஏற்கெனவே இருக்கிறது நண்பர்களே. அந்த நம்பிக்கைக்குத் தகுதியாவோம்!

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்