கேளாச் செவியும் காவல் பணியும்

சென்ற மாதம் எங்கள் செவிப் பரிசோதனை அறைக்கு 52 வயதுடைய ஒருவர் தம் மகளுடன் வந்திருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் காவலாளியாக இருப்பவர். பரிசோதனை முடிந்து, செவித்திறன் வரைபடத்தை அச்சிட்டு நான் நீட்டியபோது அவர் அதை வாங்கவில்லை. “இந்தத் தாள் வேண்டாம் மேடம். ஏஜென்சிக்காரர் கண்ணில் பட்டால் நாளைக்கே என்னை நிறுத்திவிடுவார்” என்றார். காதொலிக் கருவி வாங்கவும் தயங்கினார். காதில் கருவி தெரிந்தால் குறையும் தெரிந்துவிடுமே என்பதுதான் அவர் கவலை. இரண்டு ஆண்டுகளாக அவர் சமாளித்து வந்த விதத்தை மகள் விவரித்தார். வாயிலுக்கு வரும் வண்டியை அதன் விளக்கொளி சுவரில் படுவதைக் கொண்டு அறிவாராம். இன்டர்காமில் எரியும் சிறு சிவப்பு விளக்கை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாராம். இரவில் உடனிருப்பவர் அயர்ந்துவிட்டாலும் இவர் கண்ணயர்வதே இல்லையாம்.

காது கேளாதவர் காவல் பணி செய்ய இயலுமா என்று இவரைப் போன்றோரின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலாது. ஆனால் ஒன்றை உறுதியாகக் கூறுவேன். இன்றுள்ள விதிகளுக்கு அஞ்சிப் பலர் தம் குறையை மறைத்துக்கொண்டு பணியில் தொடர்கின்றனர். பிறர் அறிந்த குறைக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள முடியும். மறைக்கப்பட்ட குறைக்கு எவரும் எதுவும் செய்ய முடியாது.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், காவலாளிக்கு வேண்டிய உடல் தகுதிகளைக் கூறுகின்றன. அவற்றில் கண்ணுக்கும் காதுக்கும் சொல்லப்பட்டிருப்பதை அருகருகே வைத்துப் பாருங்கள். தொலைப்பார்வை 6/6 இருக்க வேண்டும். அதைக் கண்ணாடி அணிந்தும் பெற்றிருக்கலாம், அணியாமலும் பெற்றிருக்கலாம். காதைப் பற்றியோ, செவிக்குறை இருத்தல் கூடாது என்றும், பேச்சொலியையும் பாதுகாப்புக் கருவிகளின் எச்சரிக்கை ஒலியையும் கேட்டுச் செயல்பட இயல வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. கருவி அணிந்து கேட்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாள்தோறும் செவிகளைச் சோதிக்கும் எனக்கு இவ்விதியின் பிற்பகுதி முற்றிலும் நியாயமாகவே தோன்றுகிறது. முற்பகுதிதான் உறுத்துகிறது. மூக்குக் கண்ணாடிக்குக் கிடைக்கும் மரியாதை காதொலிக் கருவிக்கு ஏன் இல்லை?

இனி மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இரு செவிகளிலும் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் அது வகுக்கிறது. அரசுப் பணியிடங்களில் மாற்றுத் திறனாளிகளுக்கு உரிய 4 விழுக்காட்டில் 1 விழுக்காடு இவ்விரு பிரிவினருக்கும் உரியது. ஆயினும் பணியின் தன்மை கருதிச் சில நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அச்சட்டமே அதிகாரம் தருகிறது. அதன்படி ஆகஸ்ட் 2021இல் இந்தியக் காவல் பணிக்கும், மத்திய ஆயுதக் காவல் படைகளில் களப்பணி புரியும் வீரர்களின் பதவிகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

எங்களிடம் வந்தவருக்கு இரு காதுகளிலும் ஏறத்தாழ 50 டெசிபல் இழப்பு. உரிமைச் சட்டத்தின் கணக்கில் அவர் மாற்றுத் திறனாளி அல்லர். சான்றிதழும் இல்லை, சலுகையும் இல்லை. காவலாளி விதியின் கணக்கிலோ அவர் குறையுடையவர். நடுத்தர அளவில் செவித்திறன் இழந்த பலர் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றனர்.

விலக்கு அளிப்பதே தவறு என்று நான் கூறவில்லை. ஓர் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை, அது இரு காதுகளையும் அடையும் நேரத்திலும் அளவிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை கணிக்கிறது. ஒரு காது மட்டும் கேளாதவர் எதிரில் இருப்பவரிடம் இயல்பாகப் பேசுவார். இருளில் யாரோ ஓடும் ஓசை வலப்புறமா இடப்புறமா என்று கேட்டால் தடுமாறுவார். காதொலிக் கருவியும் மழையையும் ஜெனரேட்டரின் இரைச்சலையும் பேச்சோடு சேர்த்தே பெரிதாக்கும். துப்பாக்கி ஏந்தி நிற்பவர் ‘சுடாதே’ என்ற ஆணையின் முற்பாதியை மட்டும் கேட்டால் என்ன ஆகும்? அத்தகைய பணிக்கு என் தந்தைக்கே ஆயினும் நான் தகுதிச் சான்று எழுத மாட்டேன்.

ஆனால் காவல் என்பது துப்பாக்கி ஏந்தி இருளில் நிற்பது மட்டும் அன்று. மெக்சிகோ நாட்டின் ஒஹாக்கா நகரில் 2012ஆம் ஆண்டு காது கேளாதோர் ஏறத்தாழ 20 பேரைக் காவல்துறை தன் கண்காணிப்பு மையத்தில் அமர்த்தியது. நகரெங்கும் பொருத்தப்பட்ட கேமராக்களின் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்கள் பணி. ‘மௌனத்தின் தேவதைகள்’ என்று அவர்களை அங்கே அழைத்தனர். அந்தப் பெயர் சற்று மிகை என்பது என் எண்ணம். பணியமர்த்தியதில் மிகை ஏதுமில்லை. கண்காணிப்புக் கேமராக்கள் பெரும்பாலும் படத்தை மட்டுமே தருவன. அத்திரையின் முன் அமரும்போது, நன்கு கேட்கும் காதுடையவரும் காது கேளாதவரே. பிறவியிலேயே காது கேளாதோர் பார்வையின் ஓரத்தில் நிகழும் அசைவுகளை விரைந்து கவனிக்கின்றனர் என ஆய்வுகள் காட்டியுள்ளன. முதுமையில் செவித்திறன் இழந்தோருக்கு இத்திறன் தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. உதட்டசைவைப் படிப்பதையும் மந்திரம் என்று கொள்ள வேண்டாம். ‘பாட்டு’ என்றும் ‘மாட்டு’ என்றும் கண்ணாடி முன் நின்று ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். உதடுகள் இரண்டுக்கும் ஒன்றுபோலவே அசையும்.

கருவி அணிந்தோரைப் பற்றி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை வழக்காடியிருக்கின்றனர். நீதிமன்றக் காவலர்கள் கருவியின்றியே செவிச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதியை 2009இல் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சரியென ஏற்றது. கருவி பழுதாகலாம், கைகலப்பில் கழன்று விழலாம் என்பது அவ்விதிக்கு ஆதரவான வாதம். நியூயார்க் நகரக் காவல்துறையிலோ, கருவி அணிந்ததால் ஓய்வு பெற நேர்ந்த அதிகாரிகள் வழக்குத் தொடுத்து, 2015இல் ஏற்பட்ட உடன்பாட்டால் கருவியுடன் பணியாற்றும் வாய்ப்பைப் பெற்றுத் தந்தனர். கருவி கழன்று விழலாம் என்பது மெய்தான். மூக்குக் கண்ணாடியும் விழும். வாக்கி டாக்கியின் மின்கலமும் தீரும். அவற்றுக்கெல்லாம் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளும் நிர்வாகம், காதொலிக் கருவியின் மின்கலம் ஒன்றைக் காவலாளியின் சட்டைப்பையில் கூடுதலாக வைத்திருக்கச் சொல்ல இயலாதா?

ஆகவே சோதனை எவ்வாறு நடக்க வேண்டும் என்பதில்தான் என் வாதம். ஒலி புகாத அறையில் தலையணிக் கருவி மாட்டி எடுக்கும் வரைபடம், காதின் நிலையைக் காட்டும்; பணியின் நிலையைக் காட்டாது. கருவி அணிந்த நிலையில், அவர் நிற்கப்போகும் வாயிலிலேயே நிற்கவைத்துச் சோதிக்க வேண்டும். பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாரா? சாலை இரைச்சலுக்கு இடையே வீட்டு எண்ணைச் சரியாகக் கேட்டுக்கொள்கிறாரா? தீ எச்சரிக்கை மணி ஒலித்தால் அறிகிறாரா? அறியவில்லை என்றால், மணியுடன் மின்னும் விளக்கு ஒன்றைப் பொருத்த ஆகும் செலவு பெரிதன்று. வருகைப் பதிவேடு, வாகன எண் குறிப்பு, கேமராத் திரை, பகல்நேர வரவேற்பு மேசை ஆகிய பணிகள் பலவற்றுக்கு அச்சோதனையில் தேறக்கூடியவர்களை நான் அன்றாடம் காண்கிறேன். இரவில் தனியே நிற்கும் பணிக்குத் தேறாதவர்களையும் காண்கிறேன்.

அரசுப் பணியில் உள்ளோரின் குடும்பத்தினர் ஒன்றை அறிந்திருப்பது நலம். பணிக்காலத்தில் ஒருவருக்கு உடற்குறை ஏற்பட்டால் அவரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்தல் கூடாது. தற்போதைய பணி பொருந்தாவிடில் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. தனியார் நிறுவனக் காவலாளிக்கு இப்பிரிவு துணை நிற்பதில்லை. நாம் உறங்கும் இரவுகளில் விழித்திருப்போரில் பலர் அவர்களே என்பதை எண்ணும்போது, இந்த வேறுபாட்டை என்னால் ஏற்க இயலவில்லை.

நோயாளிகளிடம் நான் வேண்டுவது சிறிது. கருவி இல்லாமல் எடுத்த வரைபடத்தோடு, கருவி அணிந்து எடுத்த அளவையும் கேட்டுப் பெறுங்கள். உங்கள் பணி எத்தகையது, பகலா இரவா, தனியாகவா துணையுடனா என்பதை எங்களிடம் விரிவாகச் சொல்லுங்கள். ‘செவித்திறன் குறைவு’ என்ற இரு சொற்களோடு நிறுத்தாமல், எவ்வெவற்றைக் கேட்க இயல்கிறது, எவற்றுக்கு விளக்கோ துணையோ வேண்டும் என்று எழுதித் தர எங்களால் முடியும்.

அந்தக் காவலாளி பத்து நாள் கழித்து மீண்டும் வந்தார். மாதிரிக் கருவி ஒன்றைப் பொருத்தி, மருத்துவமனை வாயிலுக்கே அழைத்துச் சென்று, முதுகுப்புறமாக நின்று அவரது பெயரை இயல்பான குரலில் அழைத்தேன். உடனே திரும்பினார். ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே நுழையும்போது அழைத்தேன், திரும்பவில்லை. அவ்விரண்டையும் அப்படியே தாளில் எழுதிக் கொடுத்தேன். இம்முறை வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பகல் பணிக்கு மாற்றித் தருமாறு கேட்கப் போவதாகச் சொன்னார். தாளைக் காட்டிக் கேட்பாரா, காட்டாமல் கேட்பாரா என்பதை அவரும் அவர் மகளும் இன்னும் முடிவு செய்யவில்லை.