சுகமானவர்தான் சாட்சி சொல்லணுமா?

சீசன் நேரத்தில் குற்றாலம் மெயினருவியில், பெண்கள் குளிக்கும் பக்கம் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். முன்பின் பார்த்தேயிராத இரண்டு பேர், "உங்களுக்கும் முழங்கால்தானாக்கா?" என்று ஆரம்பித்து, ஈரத்துணியைப் பிழிந்து முடிப்பதற்குள் கர்ப்பப்பை ஆபரேஷன் வரை வந்துவிடுவார்கள்! அந்நியரிடம் இவ்வளவு தாராளமாகப் பேசும் நாம், வாரா வாரம் ஆலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவரிடம் மட்டும் வாயைத் திறப்பதில்லை. "எப்படி இருக்கீங்க?" என்றால், "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்" என்பதோடு சரி.

எனக்கு முடக்குவாதம். பதினோரு வருஷமாகிறது. காலையில் விரல்கள் மடங்காது. காபி டம்ளரை இரண்டு கையாலும்தான் பிடிக்க வேண்டும். எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்லும் நேரம் வந்தாலே தலையைக் குனிந்துகொள்வேன். அங்கே எழுந்திருக்கிறவர்கள் எல்லாம் சுகமானவர்கள்! கட்டி கரைந்தது, கடன் தீர்ந்தது, பிள்ளைக்கு வேலை கிடைத்தது... சந்தோஷமான விஷயம்தான், மறுக்கவில்லை. சுகமாகாதவள் எழுந்து எதைச் சொல்வது? 'இவளுக்கு விசுவாசம் போதாது' என்று நினைத்துவிட மாட்டார்களா?

இந்த இடத்தில்தான் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துக்கொள்கிறேன். நம் மலைத்தொடரின் அடிவாரத்திலேயே, தெற்கே டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தாரே, அவர்தான். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், மங்கிய வெளிச்சத்தில், புதிதாகத் தோண்டியிருந்த குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அறையும் கட்டிலும்தான் வாழ்க்கை. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் பிரசுரங்கள் அவருக்கு வந்தன. எதுவும் மனசில் ஒட்டவில்லை. ஏன் தெரியுமா? எழுதியவர்கள் எல்லாம் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள்! வலியில் இருப்பவருக்கு வலியில் இருப்பவர்தான் எழுத வேண்டும் என்று அவரே எழுத ஆரம்பித்தார். 1933ல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' அப்படிப் பிறந்த புத்தகம். அதை எழுதும்போது அவர் குணமாகியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் குணமாகவில்லை. பவுலும் அப்படித்தானே? தன் மாம்சத்தில் ஒரு முள் இருந்ததையும், மூன்று முறை வேண்டியும் அது நீங்காததையும் மறைக்காமல் கொரிந்தியருக்கு எழுதினார்.

போன வருஷம் ஒரு கூட்டத்தில் எனக்கு என்ன தைரியம் வந்ததோ, எழுந்துவிட்டேன். "எனக்கு இன்னும் சுகமாகலை. நேத்து ராத்திரி ஜெபம் வரலை, அழுகைதான் வந்தது. மாத்திரையைப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ஆனாலும் அவரை விட்டுப் போக மனசில்லை." அவ்வளவுதான் பேச்சு. யாரும் 'அல்லேலூயா' சொல்லவில்லை. அறை முழுக்க ஒரே நிசப்தம்.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போது, ஒரு அம்மா என் முழங்கையைப் பிடித்தார். சர்க்கரை மாத்திரையை நிறுத்தி இரண்டு மாசமாம்! யாரோ மாத்திரையை எறிந்துவிட்டுச் சுகமான சாட்சியைக் கேட்டு இவரும் நிறுத்தியிருக்கிறார். காலில் புண் ஆறவில்லை. சொன்னால் விசுவாசக் குறைச்சல் என்பார்களோ என்று மகளிடம்கூட மறைத்திருக்கிறார். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். கால் தப்பியது.

அதனால்தான் கேட்கிறேன், ஜெயித்த கதையை மட்டும் மேடையேற்றினால் இவரைப் போன்றவர்கள் எங்கே போவார்கள்? பாதி வழியில் நிற்பவரும் பேசட்டுமே! அதற்காக, கணவர் குடிப்பதையும் மருமகள் சண்டையையும் 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் பரப்பச் சொல்லவில்லை. (அது எங்கும் தாராளமாகவே நடக்கிறது!) சொல்வது உங்கள் வலியாக இருக்கட்டும், அடுத்தவருடையது வேண்டாம். கேட்கிறவரும் உடனே வசனத்தையோ கஷாயத்தையோ நீட்டாமல் கொஞ்சம் உட்கார்ந்து கேட்கலாம்.

அந்த அம்மா இப்போது ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணுவார். "மாத்திரை போட்டாச்சு மதினி. விரல் எப்படி இருக்கு?"

"இன்னைக்கு ரொம்ப மோசம்."

"அப்ப நாலு வார்த்தை ஜெபிச்சிட்டு வைக்கேன்."