மருந்து தரும் உறக்கம்

1975இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். இன்று எக்கியார்குப்பத்து மீனவருக்கும் புதுச்சேரி ஜிப்மரில் இருதய அறுவை கிட்டுகிறது. ஆயினும், தீவிர சிகிச்சைப் பிரிவில் அசைவற்றுக் கிடக்கும் தந்தையைக் கண்டு நாம் கலங்குகிறோம். அது மருந்து தரும் உறக்கமே.

இம்மருந்தை இரத்தக் குழாய் வழியே செலுத்துவது வழக்கம். ஐசோஃப்ளூரேன் போன்றவற்றைச் சுவாசக் கருவி வழியே மூச்சோடு அளிக்கும் முறையும் உண்டு. அது பெரும்பாலும் மூச்சோடே வெளியேறுவதால், நிறுத்தியபின் விழிப்பு விரைந்து வரும்.

விழித்தவர் தொண்டையில் குழாய் இருப்பின் பேச இயலாது. சிலர் சில நாள் மனங்குழம்புவர். திடீரென நின்ற குடியும் அதற்குக் காரணமாகலாம். ஆகவே குடிப்பழக்கத்தை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் மறைக்காது உரைப்போம். பின்னர், கையைப் பற்றி, "அப்பா" என அழைத்து, இன்ன நாள், இன்ன இடம் என மெல்ல எடுத்துச் சொல்வோம்.